திரைவாசிப்பானுடன் ஸ்கிரிப்ட் கருவிகள்: கணினி பேசாமல் போகும்போது தடையைக் கண்டறிந்து நீக்கும் முழுமையான வழிகாட்டி

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியை இயக்கும் ஒருவர், விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் பவர்ஷெல் சாளரத்தில் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் விசையை அழுத்துகிறார். கணினி எதுவும் பேசுவதில்லை. கட்டளை தன் வேலையைச் சரியாக முடித்து, சொல்வதற்கு ஏதுமின்றி நின்றிருக்கலாம். பிழைச் செய்தி திரையில் தோன்றியும் திரைவாசிப்பான் அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம். அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று பின்னால் திறந்து பதிலுக்குக் காத்திருக்கலாம். அல்லது விசையழுத்தமே அந்தச் சாளரத்தைச் சென்று சேராமல் இருந்திருக்கலாம். கண்ணால் பார்ப்பவருக்கு இவை நான்கு வெவ்வேறு காட்சிகள். காதால் வேலை செய்பவருக்கு நான்குமே ஒரே மௌனம். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி ஓட்டும் ஸ்கிரிப்ட்களை எழுதக் கற்கத் தொடங்கும் பார்வையற்றோர் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதற்கு நிரலாக்கத்தின் கடினத்தைவிட இந்த மௌனமே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி, மௌனம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதையே முதல் வேலையாகக் கொள்கிறது. திருத்தங்கள் அதன் பிறகுதான் வருகின்றன.

பெரும்பகுதி விண்டோஸைப் பற்றியது. மேக், லினக்ஸ் பற்றிய குறிப்புகள் பிற்பகுதியில் உள்ளன. கட்டளைகளின் பெயர்களை அவை ஒலிக்கும் விதத்திலேயே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

முதல் படி: மௌனத்துக்குச் சான்று தேடுதல்

முதலில் நோட்பேடைத் திறந்து சில எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். அங்கேயும் பேச்சு வரவில்லை என்றால் சிக்கல் திரைவாசிப்பானிலோ ஒலியிலோ இருக்கிறது; ஸ்கிரிப்ட் கருவியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நோட்பேடில் பேசி, கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் மட்டும் பேசவில்லை என்றால், டெர்மினல் சாளரம் முன்னிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். என்விடிஏ, ஜாஸ் ஆகியவை விண்டோஸுக்கான திரைவாசிப்பான்கள். என்விடிஏ விசையுடன் (இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக்) டி (T), ஜாஸில் இன்சர்ட் விசையுடன் டி, சாளரத்தின் தலைப்பைச் சொல்லும். நிர்வாகி உரிமையுடன் திறந்த சாளரமாக இருந்தால் தலைப்பிலேயே அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல் வரும். அந்தச் சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் அது தேவைப்படும்.

சாளரம் சரியாக இருந்து, தட்டும் எழுத்துகள் மட்டும் ஒலிக்கவில்லை என்றால், என்விடிஏ விசையுடன் 2 என்ற எண் எழுத்துகளையும், 3 என்ற எண் சொற்களையும் பேசச் செய்யும் அமைப்புகளை மாற்றுகிறது. என்விடிஏ விசையுடன் 5, திரையில் தானாக வந்து சேரும் புதிய உரையை அறிவிக்கும் அமைப்பை மாற்றுகிறது. டெர்மினலில் கட்டளையின் விடை கேட்காமல் போவதற்கு, தவறுதலாக அழுத்தப்பட்ட இந்த 5 காரணமாக இருப்பது மிகவும் சாதாரணம்.

இதற்குப் பிறகும் ஐயம் தீரவில்லையென்றால் காதை நம்பாமல் கோப்பை நம்புங்கள். பவர்ஷெல்லில் எந்தக் கட்டளையின் இறுதியிலும் *> என்ற இரு குறிகளை இட்டு ஒரு கோப்பின் பெயரைத் தட்டினால், விடை, எச்சரிக்கை, பிழை ஆகிய அனைத்தும் அந்தக் கோப்புக்குள் போய்விடும். பழைய கட்டளை வரியில் > குறியும் கோப்பின் பெயரும் அதன் பின் 2>&1 என்பதும் அதே வேலையைச் செய்யும். கோப்பை நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படியுங்கள். அதில் உரை இருந்தால் கட்டளை ஓடியிருக்கிறது, டெர்மினலை வாசிப்பதில்தான் குறை. கோப்பு காலியாக இருந்தால் கட்டளை ஓடியது, சொல்ல எதுவும் இல்லை. கோப்பே உருவாகவில்லை என்றால் விசையழுத்தம் போய்ச் சேரவில்லை, அல்லது அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை. இந்த ஒரு சோதனை மணிக்கணக்கான தடுமாற்றத்தைத் தவிர்க்கும்.

திரைவாசிப்பான் உண்மையில் பேசியதா, நாம்தான் தவறவிட்டோமா என்பதையும் சரிபார்க்கலாம். என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுப் பார்வைச் சாளரம் பேசியவற்றை எழுத்தில் காட்டும். ஜாஸில் இன்சர்ட் விசையுடன் ஸ்பேஸ், அதன் பின் எச் என்று அழுத்தினால் பேச்சு வரலாறு திறக்கும்.

இரண்டாம் படி: அனுமதிப் பெட்டியும் நிர்வாகி உரிமையும்

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, கணினியில் பெரிய மாற்றம் எதையும் செய்யும் முன் பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்னும் அனுமதிப் பெட்டி வருகிறது. அது மற்ற சாளரங்களிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பான திரையில் தோன்றுவதால், சாதாரணமாக ஓடும் நிரல்களால் அதைத் தொடவும் முடியாது, படிக்கவும் முடியாது. கணினியில் முறையாக நிறுவப்பட்ட திரைவாசிப்பானுக்கு மட்டும் அந்தத் திரையில் தன் பிரதியொன்றை ஓட்டும் வாய்ப்பு உண்டு.

யுஎஸ்பியில் வைத்துப் பயன்படுத்தும் கையடக்க என்விடிஏ பிரதி ஏன் இங்கே ஊமையாகிறது என்பது இப்போது விளங்கும். கையடக்கப் பிரதி அனுமதிப் பெட்டியைப் படிக்காது. நிர்வாகி உரிமையுடன் திறந்த பவர்ஷெல் சாளரத்தையும் கையாளாது. அத்தகைய சாளரங்களை அணுகுவதற்கான தனிச் சலுகையை விண்டோஸ், டிஜிட்டல் கையொப்பம் பெற்று, புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட கோப்புறையில் நிறுவப்பட்ட நிரல்களுக்கு மட்டுமே தருகிறது. தலைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று வந்த சாளரம் மட்டும் பேசவில்லை, மற்றவை பேசுகின்றன என்றால், நோய் அநேகமாக இதுதான். மருந்து என்விடிஏவை நிறுவுவது. கையடக்கப் பிரதியையே நிர்வாகியாக ஓட்டுவது தற்காலிகமாக வேலை செய்தாலும், அதன் வழியே திறக்கும் ஒவ்வொன்றுக்கும் அந்த உரிமை கிடைத்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறுவிய பிறகும் அனுமதிப் பெட்டியில் வேறொரு குரலோ வேறொரு வேகமோ கேட்கலாம். அந்தத் திரையில் ஓடும் பிரதி உங்கள் தனிப்பட்ட அமைப்புகளைப் படிப்பதில்லை. என்விடிஏவின் பொது அமைப்புகளில், இப்போது சேமித்துள்ள அமைப்புகளை உள்நுழைவுத் திரையிலும் பாதுகாப்பான திரைகளிலும் பயன்படுத்தச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் துணைநிரல்களும் சேர்ந்தே நகலாகும். ஆகையால், நம்பிக்கையற்ற இடத்திலிருந்து பெற்ற துணைநிரல்களை முதலில் நீக்கிவிடுங்கள்.

அனுமதிப் பெட்டி சில வேளைகளில் முன்னால் வராமல் பணிப்பட்டையில் ஒரு பொத்தானாக நின்றுவிடும். ஸ்கிரிப்ட் நடுவில் நின்று காத்திருப்பதுபோல் தோன்றினால், ஆல்ட் விசையுடன் டேப் அழுத்திச் சாளரங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஆங்கில விண்டோஸில் பெட்டி வந்ததும் ஆல்ட் விசையுடன் ஒய் ஒப்புதல் தரும்; அதற்கு முன் எந்த நிரல் அனுமதி கேட்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகி உரிமையுடன் டெர்மினலைத் திறக்க விரும்பினால், விண்டோஸ் விசையுடன் எக்ஸ், பிறகு ஏ என்பது குறுக்கு வழி. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் பெரும்பாலான ஸ்கிரிப்ட்களுக்கு அந்த உரிமை வேண்டியதே இல்லை. தேவையில்லாமல் எடுத்துக்கொண்ட உரிமை, அணுகல் சிக்கலையும் கூடவே அழைத்து வரும்.

மூன்றாம் படி: டெர்மினலைக் காதுக்கு ஏற்றதாக மாற்றுதல்

விண்டோஸில் இப்போது இரண்டு விதமான டெர்மினல் சாளரங்கள் உள்ளன: பழைய கன்சோல் சாளரம், புதிய விண்டோஸ் டெர்மினல். புதியதில் வாசிப்பு தடுமாறுகிறது என்றால், விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, கான்ஹோஸ்ட் என்றும் ஓர் இடைவெளி விட்டு பவர்ஷெல் என்றும் தட்டினால் பழைய சாளரம் திறக்கும். ஒன்றில் பேசி மற்றொன்றில் பேசவில்லை என்றால் குறை பவர்ஷெல்லில் இல்லை, சாளரத்தில்தான் என்பது உறுதியாகிவிடும். என்விடிஏவின் மேம்பட்ட அமைப்புகளில் விண்டோஸ் கன்சோலைக் கையாளும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய சாளரத்தில் வரிகள் இருமுறை ஒலித்தாலோ விடுபட்டாலோ, அதைத் தானியங்கி நிலையிலிருந்து பழைய முறைக்கு மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள்.

தானாக ஒலிக்கும் பேச்சை மட்டும் நம்பி டெர்மினலில் வேலை செய்வது கடினம். திரையில் உள்ள உரையை வரிவரியாக நகர்ந்து படிக்க உதவும் மறுபார்வைச் சுட்டியைப் பழகிக்கொள்வது கட்டாயம். மேசைக்கணினி விசை அமைப்பில் எண்பலகையின் 7, 8, 9 முறையே முந்தைய வரி, இப்போதைய வரி, அடுத்த வரி. ஷிஃப்ட் சேர்த்து 9 கடைசி வரிக்குக் கொண்டுபோகும். மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ விசையுடன் மேல் அம்பும் கீழ் அம்பும் முந்தைய வரிக்கும் அடுத்த வரிக்கும் கொண்டுபோகும். ஒரு பகுதியை நகலெடுக்க, தொடங்கும் இடத்தில் என்விடிஏ விசையுடன் எஃப்9, முடியும் இடத்தில் என்விடிஏ விசையுடன் எஃப்10 இருமுறை.

அடுத்து, பவர்ஷெல்லின் இயல்புகளில் சிலவற்றை மாற்ற வேண்டும். அட்டவணை வடிவில் வரும் விடை கண்ணுக்கு வசதி, காதுக்குத் தொல்லை: தலைப்பு ஒரு வரியிலும் மதிப்பு பல வரிகள் தள்ளியும் நிற்பதால் எது எதற்கு உரியது என்று தெரியாது. கட்டளையின் இறுதியில் | குறியிட்டு ஃபார்மட்-லிஸ்ட் என்று சேர்த்தால் ஒவ்வொரு பண்பும் அதன் மதிப்போடு தனி வரியில் வரும். கோப்புகளைப் பதிவிறக்கும்போதும் நகலெடுக்கும்போதும் ஓடும் முன்னேற்றப் பட்டை பேச்சை முழுதாக நிரப்பிவிடும். டாலர் குறியுடன் புரோக்ரஸ்பிரிஃபரன்ஸ் என்ற மாறிக்கு சைலன்ட்லிகன்டின்யூ என்ற மதிப்பைக் கொடுத்தால் அது நின்றுவிடும். பவர்ஷெல் 7.2 முதல் நிறக்குறியீடுகளை முற்றிலும் நீக்க, டாலர் குறியுடன் பிஎஸ்ஸ்டைல், புள்ளி, அவுட்புட்ரெண்டரிங் என்பதற்கு பிளெயின்டெக்ஸ்ட் என்று மதிப்பு தரலாம்.

நீண்ட நேரம் ஓடும் கட்டளையின் முடிவில் ஓர் ஒலியைச் சேர்ப்பதும் நல்ல வழக்கம். சதுர அடைப்புக்குள் கன்சோல், பிறகு இரண்டு முக்காற்புள்ளிகள், பீப், திறந்து மூடிய வளைவு அடைப்பு: இந்த ஒரு வரி, வேலை முடிந்ததா என்று திரும்பத் திரும்பத் துழாவும் சிரமத்தைப் போக்கும்.

பவர்ஷெல் திறக்கும்போது, திரைவாசிப்பான் இருப்பதாகக் கண்டறிந்து பிஎஸ்ரீட்லைன் என்ற தொகுதியை முடக்கியதாக ஓர் எச்சரிக்கை வரும். பலர் இதைப் பிழை என்று எண்ணிக் கவலைப்படுகிறார்கள். இது பவர்ஷெல்லே திட்டமிட்டுச் செய்யும் ஏற்பாடு. அத்தொகுதி கட்டளை வரியை ஓயாமல் திருத்தி எழுதுவதால் திரைவாசிப்பான் குழம்பிப்போகும். முடக்கிய நிலையில் சொல் வண்ணமும், பழைய கட்டளைகளைத் தேடும் கன்ட்ரோல் விசையுடன் ஆர் என்ற வசதியும் இராது. மேல் அம்பும் டேப் விசையும் வழக்கம்போல் உதவும். தொடக்கத்தில் அப்படியே விட்டுவிடுவதே நல்லது. பழகிய பின் தேவைப்பட்டால் இம்போர்ட்-மாட்யூல் கட்டளையால் அதை மீண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். கூடவே செட்-பிஎஸ்ரீட்லைன்ஆப்ஷன் கட்டளையில் பிரிடிக்‌ஷன்சோர்ஸ் என்பதை நன் என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது ஊகித்து மங்கலாகக் காட்டும் சொற்களை நீங்களே தட்டியதாகத் திரைவாசிப்பான் படித்துவிடும்.

நான்காம் படி: ஸ்கிரிப்ட் ஓட மறுக்கும்போது

விண்டோஸ் தனிக்கணினிகளில் எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்பதை முடிவு செய்யும் பவர்ஷெல்லின் இயல்பான செயலாக்கக் கொள்கை ரெஸ்ட்ரிக்டட். அதன்படி தனிக் கட்டளைகள் ஓடும், ஸ்கிரிப்ட் கோப்புகள் ஓடா. ஸ்கிரிப்ட்களை ஓட்டுவது இந்தக் கணினியில் முடக்கப்பட்டுள்ளது என்ற பொருள்பட வரும் நீண்ட ஆங்கிலச் செய்தியின் காரணம் இதுவே. கெட்-எக்ஸிக்யூஷன்பாலிசி என்று தட்டி, ஓர் இடைவெளிக்குப் பின் சிறுகோடும் லிஸ்ட் என்ற சொல்லும் சேர்த்தால் ஐந்து நிலைகளின் பட்டியல் வரும்: மெஷின்பாலிசி, யூசர்பாலிசி, புராசஸ், கரன்ட்யூசர், லோக்கல்மெஷின். பட்டியலில் மேலே இருப்பதற்கே முன்னுரிமை. முதல் இரண்டிலும் அன்டிஃபைண்ட் என்று இருந்தால் முடிவு உங்கள் கையில் இருக்கிறது: செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி கட்டளையால் கரன்ட்யூசர் நிலைக்கு ரிமோட்சைண்ட் (இணையத்திலிருந்து வந்த ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் கையொப்பம் கேட்பது) என்று வையுங்கள். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டியதில்லை, அனுமதிப் பெட்டியும் வராது. கட்டுப்பாட்டை அடியோடு நீக்கச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள்; நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட்களுக்கு ரிமோட்சைண்ட் தாராளமாகப் போதும்.

ரிமோட்சைண்ட் வைத்த பிறகும் இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு மட்டும் ஓடவில்லை என்றால், அது வெளியிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை விண்டோஸ் அதோடு சேர்த்து வைத்திருக்கிறது. கோப்பை நோட்பேடில் முழுவதும் படித்துப் பார்த்து, நம்பத்தக்கது என்று தெரிந்தால் மட்டும் அன்பிளாக்-ஃபைல் கட்டளையால் அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

இன்னும் மூன்று சிறு தடைகள் அடிக்கடி வரும். நோட்பேடில் சேமிக்கும்போது பிஎஸ்1 என்ற நீட்டிப்பின் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்புளோரர் நீட்டிப்புகளை மறைத்து வைப்பதால் திரைவாசிப்பானும் அதைச் சொல்லாது. எக்ஸ்புளோரரின் பார்வைப் பட்டியலில் கோப்புப் பெயர் நீட்டிப்புகளைக் காட்டச் செய்துவிட்டால் இந்த ஐயம் என்றைக்குமாகத் தீரும். எக்ஸ்புளோரரில் ஸ்கிரிப்ட் கோப்பின் மேல் என்டர் அழுத்தினால் அது ஓடாது, திருத்தியில் திறக்கும். விண்டோஸ் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. டெர்மினலில் அதே கோப்புறையில் நின்றுகொண்டு ஓட்டுவதற்கும் பெயருக்கு முன் .\ என்ற இரு குறிகளை இட வேண்டும். இந்தக் குறிகள் காதில் விழ வேண்டுமானால் நிறுத்தற்குறி அளவு உயர்வாக இருக்க வேண்டும். என்விடிஏ விசையுடன் பி (P) அழுத்தி அனைத்தும் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

தமிழ் உரையை ஸ்கிரிப்டுக்குள் வைப்பவர்களுக்கு ஒரு சேதி. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, பிஓஎம் என்னும் தொடக்கக் குறி இல்லாத யுடிஎஃப்-8 கோப்பைப் பழைய குறியாக்கமாக எண்ணிப் படிப்பதால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும். நோட்பேடில் வேறு பெயரில் சேமிக்கும் பெட்டியில், குறியாக்கத்தை பிஓஎம் உடன் கூடிய யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். பவர்ஷெல் 7-இல் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது கட்டளை தட்டினால் எதுவும் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் அழுத்தினால் விசைப்பலகை மாறும். மாறியதைத் திரைவாசிப்பான் சொல்லும்.

ஐந்தாம் படி: பைத்தானும் உள்தள்ளலும்

பைத்தான் நிரலாக்க மொழியை இயக்க, டெர்மினலில் பைத்தான் என்று தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால், விண்டோஸ் அந்தப் பெயரைத் தன் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் பிடித்து வைத்திருக்கிறது. அமைப்புகளில் செயலிகள், மேம்பட்ட செயலி அமைப்புகள், செயலி இயக்க மாற்றுப் பெயர்கள் என்ற வழியே சென்று பைத்தான் தொடர்பான இரண்டையும் அணைத்துவிடுங்கள். பைத்தானை நிறுவும்போது முதல் திரையிலேயே, கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலான பாதை மாறியில் அதைச் சேர்க்கும் தேர்வுப்பெட்டி உண்டு. முதலில் நிற்கும் நிறுவல் பொத்தானை உடனே அழுத்தாமல் டேப் விசையால் முழுத் திரையையும் கேட்டுப் பாருங்கள். நிறுவி முடித்ததும், முன்பே திறந்திருந்த டெர்மினல் சாளரங்களுக்குப் புதிய பாதை தெரியாது. அவற்றை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்.

பைத்தானோடு வரும் ஐடில் திருத்தி டிகே என்ற வரைகலைத் தொகுதியில் கட்டப்பட்டது. அதன் உள்ளடக்கம் திரைவாசிப்பான்களுக்குச் சென்று சேர்வதில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது பேசப்போவதில்லை என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பாடப்புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் ஐடிலிலிருந்தே தொடங்குவது பார்வையற்ற மாணவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லி, வேறு திருத்தியைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள்.

பைத்தான் 3.13-இலிருந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விடை பெறும் உரையாடல் முகப்பு புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. நிறங்களும் வரி மறுவரைவும் சேர்ந்திருப்பதால் சிலருக்கு எழுத்துகள் தாறுமாறாக ஒலிக்கின்றன. பைத்தான், பேசிக், ஆர்இபிஎல் என்ற மூன்று சொற்களையும் பெரிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைத்து ஒரு சூழல் மாறியாக்கி, அதற்கு 1 என்று மதிப்பு கொடுத்தால் பழைய எளிய முகப்பு திரும்ப வந்துவிடும்.

உள்தள்ளல் பைத்தானில் இலக்கணமே ஆகும். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் நிரலின் பொருள் மாறும். என்விடிஏவின் ஆவண வடிவமைப்பு அமைப்புகளில் வரி உள்தள்ளலைப் பேச்சாகவோ, ஒலியாகவோ, இரண்டுமாகவோ அறிவிக்கும் தேர்வு இருக்கிறது. பேச்சை மட்டும் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு இடைவெளி, எட்டு இடைவெளி என்று கேட்டுக் களைத்துப்போவீர்கள். ஒலியைத் தேர்ந்தெடுத்துச் சில நாட்கள் பழகினால், ஒரு வரி எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதைச் சுருதியிலேயே உணர்ந்துகொள்ளலாம். இடைவெளியும் டேப்பும் கலந்த கோப்பு டேப் பிழையைத் தரும். ஆகவே திருத்தியில் டேப் விசை நான்கு இடைவெளிகளை இடும்படி அமைத்துவிடுங்கள். பிழைச் செய்தியைப் படிக்கும்போது கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்: பிழையின் பெயரும் விளக்கமும் அங்கேதான் இருக்கும், அதற்குச் சற்று மேலே வரி எண் கிடைக்கும்.

இவ்வளவு அமைப்புகளையும் எல்லா இடத்திலும் இயக்கி வைத்தால் கடிதம் படிப்பதுகூடச் சிரமமாகிவிடும். என்விடிஏ விசை, கன்ட்ரோல், பி (P) ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் அமைப்புத் தொகுப்புகளின் பெட்டி திறக்கும். உங்கள் திருத்திக்கும் டெர்மினலுக்கும் தனித்தனித் தொகுப்பை உருவாக்கி, அந்தச் செயலி முன்னால் வரும்போது மட்டும் இயங்கச் செய்யுங்கள். நிறுத்தற்குறி அனைத்தும், உள்தள்ளல் ஒலி, ஆங்கிலக் குரல் ஆகிய மூன்றையும் அதில் வைத்தால், மற்ற இடங்களில் தமிழ்க் குரல் வழக்கம்போல் தொடரும்.

ஆறாம் படி: திருத்தி

என் தேர்வு விஎஸ் கோட். அணுகல் வசதிக்காக அதில் நடந்திருக்கும் வேலை அளவுக்கு வேறு நிரலாக்கத் திருத்திகளில் நான் கண்டதில்லை. அது திரைவாசிப்பானைத் தானாகக் கண்டுகொள்ளவில்லை என்றால் ஷிஃப்ட், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரைவாசிப்பான் நிலையை இயக்குங்கள். ஆல்ட் விசையுடன் எஃப்1, நீங்கள் நிற்கும் பகுதிக்கான உதவியைத் திறக்கும். ஆல்ட் விசையுடன் எஃப்2, உள்டெர்மினலின் உரை உட்பட, வாசிக்கக் கடினமானவற்றை எளிய உரைப்பெட்டியில் காட்டும். எஃப்8 அடுத்த பிழைக்குத் தாவும். டேப் விசை உள்தள்ளாமல் வேறு பகுதிக்குத் தாவினால் கன்ட்ரோல் விசையுடன் எம் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறது. மறுபடி அழுத்தினால் சரியாகும். அம்புக்குறிகள் வரிகளில் நகராமல் எங்கெங்கோ போனால் என்விடிஏ உலாவல் நிலையில் இருக்கிறது. என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் அதை மாற்றும். பவர்ஷெல்லுக்கென்றே இருந்த ஐஎஸ்ஈ திருத்தி 5.1-உடன் நின்றுவிட்டது, புதிதாகக் கற்பவர் அதை நாட வேண்டியதில்லை. சிறு ஸ்கிரிப்ட்களுக்கு நோட்பேடும் டெர்மினலும் போதும்.

ஏழாம் படி: திரைவாசிப்பானுக்கே உரிய ஸ்கிரிப்ட் வசதிகள்

ஜாஸில் ஏதேனும் ஒரு செயலியில் நின்றுகொண்டு இன்சர்ட் விசையுடன் 0 அழுத்தினால், அந்தச் செயலிக்குரிய கோப்போடு ஸ்கிரிப்ட் மேலாளர் திறக்கும். நீங்கள் எழுதும் மூலக்கோப்பு ஜேஎஸ்எஸ். ஜாஸ் உண்மையில் ஓட்டுவது, அதைக் கணினிக்கேற்ற வடிவுக்கு மாற்றித் தொகுத்த ஜேஎஸ்பி (JSB) கோப்பு. கன்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்திச் சேமிக்கும்போதுதான் தொகுப்பும் நடக்கிறது. தொகுப்பில் பிழை இருந்தால் பழைய ஜேஎஸ்பியே தொடர்ந்து ஓடும். மாற்றம் எடுபடவில்லை என்ற குறை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. எந்தக் கோப்பு ஏறியிருக்கிறது என்பதை இன்சர்ட் விசையுடன் கியூ சொல்லும். ஜாஸின் தனிப்பட்ட அமைப்புக் கோப்புறை ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் தனியாக இருப்பதால், பதிப்பை உயர்த்திய பின் பழைய ஸ்கிரிப்ட்கள் வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். ஒரு செயலிக்கு நீங்கள் சேமித்த கோப்பு, ஜாஸுடன் வரும் அதே பெயருள்ள கோப்பை முழுவதும் மறைத்துவிடும். அந்தச் செயலி முன்பு சரியாகப் பேசி இப்போது பேசவில்லை என்றால் உங்கள் கோப்பைத் தற்காலிகமாகப் பெயர் மாற்றிச் சோதியுங்கள்.

என்விடிஏ பைத்தானில் எழுதப்பட்டது. என்விடிஏ விசை, கன்ட்ரோல், இசட் சேர்த்து அழுத்தினால் அதன் உள்ளே ஓடும் பைத்தான் கன்சோலே திறக்கும். எஃப்6 விசை, தட்டும் இடத்துக்கும் விடை வரும் இடத்துக்கும் இடையே மாற்றித் தரும். பாதுகாப்பான திரைகளில் இந்தக் கன்சோல் திறக்காது. அது சரியான ஏற்பாடுதான். பலரைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு: என்விடிஏவுக்குள் இருக்கும் பைத்தானும் நீங்கள் கணினியில் நிறுவிய பைத்தானும் வெவ்வேறு. பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் கருவியால் நீங்கள் இறக்கியவை என்விடிஏவுக்குத் தெரியாது.

சொந்த நிரலைச் சோதிக்க, மேம்பட்ட அமைப்புகளில் ஸ்கிராட்ச்பேட் என்னும் சோதனைக் கோப்புறையிலிருந்து நிரல் ஏற்றும் தேர்வை இயக்க வேண்டும். குறிப்பிட்ட செயலிக்கான கோப்பை ஆப்மாட்யூல்ஸ் உட்கோப்புறையில், அந்தச் செயலியின் இயக்கக் கோப்புக்குரிய அதே பெயரில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் வகுப்பின் பெயர் ஆப்மாட்யூல் என்றே இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் இயங்க வேண்டியது குளோபல்பிளகின்ஸ் உட்கோப்புறையில், குளோபல்பிளகின் என்ற வகுப்புப் பெயரோடு நிற்கும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் என்விடிஏ எந்தச் செய்தியும் சொல்லாமல் கடந்துவிடும். என்விடிஏ விசை, கன்ட்ரோல், எஃப்3 மாற்றங்களை மறுபடி ஏற்றும். என்விடிஏ விசையுடன் எஃப்1 பதிவேட்டைத் திறக்கும், நிரல் பிழையின் முழு விவரமும் அதில் இருக்கும். திரைவாசிப்பானே நிலைகுலைந்தால், என்விடிஏ விசையுடன் கியூ அழுத்தி வரும் பெட்டியில் துணைநிரல்கள் இல்லாமல் மறுபடி தொடங்கும் தேர்வு இருக்கிறது. அப்படித் தொடங்கியதும் சிக்கல் மறைந்தால் குற்றவாளி ஒரு துணைநிரல்தான்; ஒவ்வொன்றாக இயக்கிக் கண்டுபிடியுங்கள். 2019.3 பதிப்பில் என்விடிஏ பைத்தான் 3-க்கு மாறியதால், அதற்கு முன் எழுதப்பட்டுத் திருத்தப்படாத துணைநிரல்கள் இயங்கா.

விசைகளைத் தானியங்கியாக்கும் ஆட்டோஹாட்கீ பற்றிச் சுருக்கமாக: 2022 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பின் இலக்கணம் பழையதோடு ஒத்துப்போகாது, ஆகையால் கிடைத்த ஸ்கிரிப்ட் எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் பாருங்கள். அதுவும் திரைவாசிப்பானும் விசையழுத்தங்களை ஒரே அடுக்கில் இடைமறிப்பதால், இன்சர்ட், கேப்ஸ் லாக் ஆகியவற்றைத் தொடும் ஸ்கிரிப்ட்களைத் தவிர்க்க வேண்டும். நிர்வாகி உரிமையுள்ள சாளரத்துக்குச் சாதாரண உரிமையில் ஓடும் ஆட்டோஹாட்கீயால் விசை அனுப்ப முடியாது.

மேக், லினக்ஸ்

மேக்கின் ஸ்கிரிப்ட் மொழியான ஆப்பிள்ஸ்கிரிப்ட் வழியாக அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரை இயக்க, வாய்ஸ்ஓவர் யூட்டிலிட்டியின் பொதுப் பகுதியில் அதற்கான தேர்வுப்பெட்டியை இயக்க வேண்டும். வாய்ஸ்ஓவர் விசைகளுடன் எஃப்8 அந்தச் சாளரத்தைத் திறக்கும். ஒரு செயலி மற்றொன்றைக் கட்டுப்படுத்த முதன்முறை முயலும்போது அனுமதி கேட்கப்படும். கேள்வி முழுதாகக் காதில் விழும் முன் மறுத்துவிட்டால் பிறகு அது கேட்பதே இல்லை. ஸ்கிரிப்ட் -1743 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். தனியுரிமை மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில் ஆட்டோமேஷன் பகுதிக்குப் போய் அனுமதியை இயக்குங்கள்.

க்னோம் மேசைத்தளம் கொண்ட லினக்ஸில் சூப்பர், ஆல்ட், எஸ் ஆகியவை ஓர்க்கா என்னும் திரைவாசிப்பானை இயக்கும். அங்கே அதிகம் தடுமாறச் செய்வது திரைவாசிப்பான் படிக்காத ஓர் எழுத்து: விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் வரி இறுதியில் கூடுதலாக ஒரு குறி இருக்கும், ஷெல் அதனால் முதல் வரியையே ஏற்க மறுக்கும். டாஸ்2யூனிக்ஸ் கருவி அதை நீக்கிவிடும். கோப்புக்கு இயக்க உரிமை தரும் சிஹெச்மாட் கட்டளையும் மறக்கப்படுவது வழக்கம்.

உரிமை உங்கள் கையில் இல்லாத கணினி

அலுவலகக் கணினியிலும் கல்லூரிக் கணினியிலும் மேற்சொன்ன திருத்தங்களில் பல செல்லா. செயலாக்கக் கொள்கைப் பட்டியலில் மெஷின்பாலிசி அல்லது யூசர்பாலிசி வரிசையில் ஏதேனும் மதிப்பு இருந்தால், அது நிர்வாகத்தின் முடிவு. கீழ்நிலையில் நீங்கள் வைப்பது எதுவும் அதை மீறாது. டாலர் குறியுடன் எக்ஸிக்யூஷன்கான்டெக்ஸ்ட், புள்ளி, செஷன்ஸ்டேட், புள்ளி, லேங்குவேஜ்மோட் என்று தட்டியபோது கன்ஸ்ட்ரெயின்ட்லேங்குவேஜ் என்று விடை வந்தால், பவர்ஷெல்லின் பல வசதிகள் அங்கே வேண்டுமென்றே அடைக்கப்பட்டுள்ளன. இவற்றை மீற வழி தேடாதீர்கள், கோரிக்கை எழுதுங்கள்.

கோரிக்கையில் அணுகல் தேவையையும் ஸ்கிரிப்ட் தேவையையும் பிரித்து எழுதுவது முக்கியம். திரைவாசிப்பான் கையடக்கப் பிரதியாக அல்லாமல் முறையாக நிறுவப்பட வேண்டும். அதன் அமைப்புகள் பாதுகாப்பான திரைகளுக்கும் நகலாக வேண்டும். ஐடில் போன்ற அணுக முடியாத கருவிக்கு மாற்றாக விஎஸ் கோட் வேண்டும்: இவை மூன்றும் அணுகல் தேவைகள், பாதுகாப்புக் கொள்கையோடு மோதாதவை. குறிப்பிட்ட ஸ்கிரிப்டை ஓட்டும் அனுமதி தனிக் கேள்வி. அது மறுக்கப்பட்டாலும் முதல் மூன்றும் மறுக்கப்படக் கூடாது. திரைவாசிப்பானின் பெயரும் பதிப்பும், விண்டோஸ் பதிப்பு, முதல் படியில் *> குறிகளால் உருவாக்கிய கோப்பு, எந்தச் சாளரத்தில் பேச்சு நின்றது என்ற விவரம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். என்விடிஏ பதிவேட்டையும் அனுப்பலாம். ஆனால் நீங்கள் தட்டியவையும் கேட்டவையும் அதில் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அனுப்பும் முன் ஒருமுறை முழுவதும் படித்து, கடவுச்சொல்லோ தனிப்பட்ட செய்தியோ இருந்தால் நீக்கிவிடுங்கள்.